கல்லும் ஓலையும் கணினியும்: பலர் கூடி எழுதும் சமண வரலாறு

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றையும், அங்கே 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பெற்ற பெரும்பாறையையும் தமிழ்ச் சமணர் நன்கறிவர். அக்குன்றில், கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அறிஞர் கருதும் சிறிய கல்வெட்டொன்று உள்ளது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்றதையும், அவ்விடம் அவருடைய நிசீதிகை என்பதையும் அது தெரிவிக்கிறது. அதில் உள்ளவை சில சொற்களே. ஆயினும் அவற்றின் பொருளை உலகம் அறிவதற்குப் பலருடைய கல்வி ஒன்றுசேர வேண்டியிருந்தது.

தமிழ்பிராமியிலிருந்து வட்டெழுத்து உருப்பெற்று வந்த நிலையை அறிந்த எழுத்தியல் அறிஞர் அதன் எழுத்துகளைப் படித்தார். மொழியியல் கற்றவர் அச்சொற்களின் வடிவத்தை விளக்கினார். ஆனால், 'அனசனம்' என்பது வெறும் பட்டினியன்று, புறத்தவம் ஆறனுள் முதலாவது என்பதையும், 'நிசீதிகை' என்பது கல்லறையன்று, நோன்பிருந்து உடல் நீத்த தவத்தோரின் நினைவிடம் என்பதையும் கூறச் சமண சமயத்தின் உள்ளறிவு தேவை. இவற்றுள் ஒன்று குறையினும் கல்வெட்டு ஊமையாகிவிடும்.

இன்று ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் நிழற்படமாக்கிக் கணினியில் சேர்க்கும் முயற்சிகள் பல இடங்களில் நடைபெறுகின்றன. வரலாற்றாசிரியர், கல்வெட்டறிஞர், மொழியியலார், கணினிப் பொறியாளர், நிலவியலார் முதலிய பலதுறையினர் கூடிச் செய்யும் இவ்வாய்வு முறை புதியது என்று கருதப்படுகிறது. இதன் கருவிகள் புதியனவே. ஆனால் இதன் நெறியைத் தமிழ்ச் சமணரும் அவரோடு இணைந்து பணியாற்றிய அறிஞரும் முன்பே கண்டுள்ளனர். சமயத்தை வாழ்ந்து அறிந்தவர்களை வெறும் தகவல் தருவோராக நிறுத்தாது, ஆய்வின் பங்காளிகளாக ஏற்றபோதெல்லாம் அம்முயற்சிகள் வென்றன என்பதே அந்நெறி.

சிந்தாமணிப் பதிப்பு காட்டிய வழி

1880-ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். திருவாவடுதுறை மரபில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுத் தேர்ந்தவர் அவர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும், அதன் கையெழுத்துப் படியைத் தந்ததும் தமிழ் வரலாற்றில் நிலைத்துவிட்ட நிகழ்ச்சிகள்.

படி கையில் வந்தும் நூல் எளிதில் பிடிபடவில்லை. தமிழிலக்கணத்தில் அவருக்குக் குறையேதுமில்லை. நச்சினார்க்கினியரின் உரையும் உடனிருந்தது. எனினும், சமணக் கோட்பாடுகளும் வழக்காறுகளும் வரும் இடங்களில் பொருள் விளங்காது நின்றது. அப்போது அவர் கும்பகோணத்துச் சமணர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருடைய ஐயங்களைக் களைந்தனர். ஏட்டில் மட்டும் கிடப்பதாகப் பிறர் எண்ணியிருந்த காப்பியம், சமணர் இல்லங்களில் வாசித்துப் பொருள் கேட்கப்படும் உயிருள்ள நூலாக இருந்ததை அவர் அங்கே கண்டார்.

1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சில் வெளிவந்தது. ஒரு சைவ மரபு மாணவர், ஒரு நீதித்துறை அலுவலர், சமண இல்லறத்தார், சுவடி ஈந்த பல ஊரினர் ஆகியோரின் கூட்டுழைப்பு அது. சாமிநாதையர் தமக்கு உதவியோரைத் தம் வரலாற்றில் பெயர் சுட்டி எழுதிவைத்தார். இன்று சந்திரநாத செட்டியாரின் பெயர் நிலைத்திருப்பதற்கு அந்நன்றியுணர்வே காரணம். கூட்டாய்வின் முதல் அறம் இங்கேயே விளங்குகிறது: பொருள் சொன்னவரின் பெயர் பதிப்பில் இடம்பெற வேண்டும்.

மூடபித்ரி ஓலைகள்

கூட்டுழைப்பின் மற்றொரு பெருஞ்சான்று ஷட்கண்டாகமம். கிர்நாரில் தரசேன ஆசாரியர் தாம் காத்த ஆகம அறிவைப் புட்பதந்தர், பூதபலி ஆகிய இரு முனிவர்க்கு உணர்த்தினார் என்பது திகம்பர மரபு. தொடக்கச் சூத்திரங்களைப் புட்பதந்தர் இயற்றினார். எஞ்சியவற்றைத் திராவிட நாடு வந்த பூதபலி நிறைவு செய்தார். நூல் நிறைவுற்ற அந்நாளே சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. ஒருவர் தொடங்கியதை வேறொருவர், வேறொரு நாட்டிலிருந்து முடித்தார் என்பதை இவ்விழா ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

அந்நூலுக்கு வீரசேனர் வரைந்த தவலா என்னும் பேருரையின் பழைய ஓலைகள் கன்னட நாட்டு மூடபித்ரியில் காக்கப்பட்டு வந்தன. மொழி பிராகிருதமும் வடமொழியும்; எழுத்தோ பழங்கன்னடம். நெடுங்காலம் அவை வழிபாட்டுக்கு உரியனவாக இருந்தனவேயன்றிப் படிப்பாரைப் பெறவில்லை. வெளியே கொடுத்தால் சுவடிகள் சிதையும் என்னும் அச்சமும், கொடாவிட்டால் அழியும் என்னும் அச்சமும் அக்காலச் சமூகத்தை இருபுறமும் வருத்தின. பல்லாண்டு உழைப்பில் படிகள் எடுக்கப்பட்டன. பேராசிரியர் ஹீராலால் ஜெயின் தலைமையில் ஆ.நே. உபாத்யே முதலிய அறிஞர் துணைநிற்க, 1939-இல் முதல் தொகுதி வெளிவந்தது. 16 தொகுதிகளும் நிறைவுற ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

பழங்கன்னட எழுத்தறிந்தோர், பிராகிருத இலக்கணம் வல்லோர், கரும நூற்பொருள் உணர்ந்த பண்டிதர், பொருளுதவிய வணிகர் ஆகியோருள் எவர் விலகியிருப்பினும் அப்பதிப்பு நிறைவேறியிராது. சுவடியைக் காத்தவர்களின் அச்சம் அறியாமையால் எழுந்ததன்று. கொடுத்த பொருள் மீளாது போன பட்டறிவிலிருந்து எழுவது அத்தகைய அச்சம். இன்றைய ஆய்வுத் திட்டங்கள் இதனை மதித்தே தொடங்க வேண்டும்.

இரு நூல்வரிசைகளில் பிரிந்த ஒரு மரபு

பலதுறைக் கூட்டாய்வுக்குக் கணினி எவ்வாறு துணைபுரியும் என்பதற்குக் கழுகுமலையும் சிதறாலும் தக்க எடுத்துக்காட்டுகள். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் கீழ், அத்திருமேனியைச் செய்வித்தவர் யார், எவ்வூரார், யாருடைய மாணாக்கர் என்னும் குறிப்புகள் வட்டெழுத்தில் உள்ளன. அவற்றுள் திருச்சாரணத்துக் குரத்திகள் பற்றிய குறிப்பும் உண்டு. குரத்தியர் என்போர் சமண சங்கத்தில் ஆசிரியராக விளங்கிய பெண் துறவியர்.

திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையின் பழம்பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள பட்டாரியாருக்கு அணிகலன்கள் வழங்கியதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஆக, இரு மலைகளும் ஒரே சமண உலகின் இரு கண்ணிகள்.

ஆயினும் கழுகுமலைக் கல்வெட்டுகள் சென்னை மாகாணத்து எல்லைக்குள் இருந்தமையால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் ஐந்தாம் தொகுதியில் அச்சேறின. சிதறால் கல்வெட்டோ திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் வரிசையில் வெளிவந்தது. அரசியல் எல்லை இரண்டாகப் பிரித்ததை நூலகத் தட்டும் இரண்டாகவே வைத்திருந்தது. குரத்தியர், அவர்தம் ஆசிரியர், மாணாக்கர், ஊர் ஆகியவற்றை ஒரே தரவுத்தளத்தில் இட்டு, நிலப்படத்தில் குறித்தால் இத்தகைய பிரிவுகள் நீங்கும். வட ஆர்க்காட்டுப் பகுதியின் விளாப்பாக்கத்தில், முதற் பராந்தகன் காலத்தில் கிணறு தோண்டுவித்த பட்டினிக் குரத்தி அடிகளும், விடால் கல்வெட்டில் 500 மாணாக்கியரோடு குறிக்கப்பெறும் கனகவீரக் குரத்தியாரும் அதே நிலப்படத்தில் இடம்பெறுவர். தமிழகத்துச் சமணப் பெண் துறவியரின் கல்விப் பணி தனித்தனிச் செய்தியாக இல்லாமல் தொடர்ந்த வரலாறாகத் தோன்றும்.

கணினி செய்வதும் செய்யாததும்

கணினி கணக்கிடும், வரிசைப்படுத்தும், நொடியில் தேடித் தரும். ஆனால் திருச்சாரணம், திருச்சாரணத்துமலை, சிதறால் ஆகிய மூன்றும் ஓரிடமே என்று அது தானாக அறியாது. அறிந்தவர் ஒருவர் அவ்விடத்திற்கு ஒரே அடையாள எண் இட்டுத் தர வேண்டும். அரிட்டநேமி என்னும் பெயர் பல கல்வெட்டுகளில் வருகிறது. அவர் ஒருவரா, பலரா என்பதைக் காலமும் ஊரும் குரு மரபும் ஒப்பிட்டே முடிவு செய்ய இயலும். கல்வெட்டு சொல்லும் ஆட்சியாண்டு வேறு. ஆய்வாளர் கணித்த கிறித்தவ ஆண்டு வேறு. இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் பதிவு செய்யாவிடின், ஊகமே பின்னாளில் உண்மையாகப் படிந்துவிடும்.

ஓலைச்சுவடியில் இடர் இன்னும் மிகுதி. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்படும். 'கொடி' என்பதும் 'கோடி' என்பதும் ஏட்டில் ஒன்றே. ரகரத்திற்கும் கால் குறிக்கும் வேறுபாடு காண்பதும் அரிது. பொறி எத்துணைத் திறமையாக எழுத்துகளை இனங்கண்டாலும், சமவசரணத்தின் கொடிநிலத்தை வருணிக்கும் இடத்தில் எச்சொல் பொருந்தும் என்பதைச் சமவசரணத்தை அறிந்தவரே உறுதிப்படுத்த இயலும்.

எழுத்துருவும் ஒரு தடையாக இருந்தது. ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையினது. தமிழெழுத்தும் கிரந்த எழுத்தும் அதில் கலந்து வரும். கிரந்த எழுத்துகள் உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடில் 2014-ஆம் ஆண்டிலேதான் தனி இடம் பெற்றன. முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் 2019-இல் இடம் கிடைத்தது. இவ்விடங்கள் கிடைப்பதற்கு மொழியறிஞரும் கணினியறிஞரும் கூடி வாதிட வேண்டியிருந்தது. இன்று ஒரு மணிப்பிரவாள ஏட்டை அதன் எழுத்து மாறாமலேயே கணினியில் ஏற்ற முடிகிறது.

தன்னார்வத்தின் ஆற்றலுக்கு மதுரைத் திட்டம் சான்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டித் தொடங்கிய அம்முயற்சியில், பல நாட்டுத் தமிழர் தத்தம் இல்லத்திலிருந்தே தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புத் திருத்தியும் உதவினர். நிறுவன வழி ஆய்வுக்கு 2019-இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுடன் தொடங்கிய 'தர்மா' திட்டம் சான்று. தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளைப் பல நாட்டு அறிஞர் ஒரே குறியீட்டு முறையில் பதிப்பிக்கின்றனர். தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். எவ்வெழுத்து தெளிவாக உள்ளது, எது சிதைந்துள்ளது, எது பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது என்பவற்றை வேறுபடுத்திக் காட்டுவது அம்முறையின் சிறப்பு. அறிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்வது சமணருக்குப் புதிதன்று. அநேகாந்தம் கற்பிக்கும் அறிவொழுக்கமும் அதுவே.

திட்டத்தை நடத்தும் முறை

இத்தகைய முயற்சிகளிலிருந்து, ஒரு திட்டத்தை நடத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய சில நெறிகள் புலனாகின்றன.

முதலாவது, வினா முந்த வேண்டும். கருவி பிந்த வேண்டும். அகப்பட்டதையெல்லாம் படமெடுத்துக் குவிப்பது ஆய்வாகாது. ஓர் ஊரின் ஏடெழுதினோர் யாவர், ஒரு மலையின் கொடையாளர் எவ்வெவ் வூரினர் என்பன போன்ற தெளிவான வினாவே, எதனைப் பதிய வேண்டும் என்பதை வரையறுக்கும்.

இரண்டாவது, ஏடு இல்லத்தை விட்டு நீங்காதிருத்தல் நன்று. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தில், மூல ஆவணம் அதன் நாட்டிலேயே இருக்க, மின்படிகள் மட்டுமே பகிரப்படுகின்றன. ஏட்டுக்கு உரியவருக்கும் முழுப் படி ஒன்று தரப்பட வேண்டும். எதனைப் பொதுவில் வைக்கலாம், எதனை வைத்தல் ஆகாது என்பதை எழுத்து வடிவ உடன்பாட்டில் முன்னரே குறித்தல் வேண்டும். குடும்பச் சாதகங்களும் சொத்துக் குறிப்புகளும் சமய நூல்களோடு ஒரே கட்டில் இருத்தல் இயல்பு.

மூன்றாவது, ஏட்டின் முதலும் முடிவும் விடுபடலாகாது. எழுதியவர் பெயர், எழுதுவித்தவர் பெயர், ஊர், தமிழாண்டு, திங்கள், நாள் ஆகியவை அங்கேதான் இருக்கும். நூலின் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இக்குறிப்புகளை விடுத்தால் நூல் கிடைக்கும். அதனைக் காத்த சமூகத்தின் வரலாறு கிடைக்காது.

நான்காவது, கருத்து வேறுபாட்டை அழிக்கலாகாது. கல்வெட்டறிஞர் ஒருவாறும் ஊர்ப் பெரியவர் வேறொருவாறும் பொருள் கூறின், இரண்டையும் கூறியவர் பெயரோடு பதிதல் வேண்டும்.

ஐந்தாவது, நிதி முடிந்த பின்னும் பதிவு வாழ வேண்டும். திட்டக் காலம் முடிந்ததும் கவனிப்பாரின்றி மறையும் மின்தொகுப்புகள் பல. ஆகவே எங்கும் திறக்கத்தக்க எளிய கோப்பு வடிவில், மூன்று இடங்களிலேனும் படிகளை வைத்தல் முறை. ஓலை நலிந்தால் படியெடுத்துப் புதுப்பித்த முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர்.

அரிட்டாபட்டி கற்பித்த பாடம்

இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று என்பதை மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி உணர்த்துகிறது. அங்குள்ள குன்றில் தமிழ்பிராமிக் கல்வெட்டும், சமணர் கற்படுக்கையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. அதே குன்றுகளில் அரிய பறவைகளும், சுனைகளும், பழைய நீர்நிலைகளும் உள்ளன. வரலாற்று ஆர்வலரும் பறவையியலாரும் ஊர்மக்களும் ஆண்டுக்கணக்கில் அவற்றைப் பதிவு செய்து வந்தனர். 2022-இல் அப்பகுதி தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்சுடன் கனிமம் எடுக்க ஏலம் விடப்பட்டபோது, சுற்று வட்டார மக்கள் திரண்டெழுந்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது. வென்றது மக்களின் உறுதி. அவ்வுறுதிக்குச் சான்றாகக் காட்ட, கல்வெட்டும் கற்படுக்கையும் பறவைகளும் நீர்நிலைகளும் முன்னரே பதிவாகியிருந்தன. பதிவு பெறாத குன்றுகளுக்கு அத்தகைய வாய்ப்பில்லை. அவை கல்லாக மட்டுமே மதிப்பிடப்படும், சல்லியாகவே முடியும்.

சாத்திரதானத்தின் இன்றைய வடிவம்

ஏடெழுதுவித்து அளிப்பதைச் சாத்திரதானம் எனப் போற்றியது சமணம். உணவும் மருந்தும் அபயமும் போல அறிவும் தானப் பொருளே என்பது அதன் துணிபு. அத்தானத்தில் எழுதுவித்தவர், எழுதியவர், காத்தவர், வாசித்துப் பொருள் சொன்னவர் என அனைவருக்கும் பங்குண்டு. மின்னுருவாக்கம் என்பது அதன் அடுத்த வடிவமேயாகும்.

மேல்சித்தாமூர் மடம் முதல் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களின் சிற்றூர்கள் வரை, சமண ஊர்களிலும் இல்லங்களிலும் வரலாற்றுச் சான்றுகள் உள்ளன. பரணில் கிடக்கும் ஏட்டுக்கட்டு மட்டும் சான்றன்று. பாட்டியார் நோன்புக் காலத்தில் சொல்லும் கதையும், முதியவர் பாடும் தோத்திரத்தின் இசையும், கோயில் விழாக் கணக்கும், ஊர் விட்டு ஊர் பெயர்ந்த குடும்பத்தின் வழிமரபுக் குறிப்பும் சான்றுகளே. ஏட்டைப் பின்னரும் படமெடுக்கலாம். அதன் பொருளறிந்த முதியவரின் குரலைப் பின்னர்ப் பெற இயலாது. எனவே முதலில் பதிவு செய்யத்தக்கது அக்குரலே.

இல்லத்து இளையோர் பலர் இன்று கணினித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்களுடைய கருவியறிவும், முதியோரின் நூலறிவும், பல்கலைக்கழக அறிஞரின் ஆய்வு முறையும் ஒரு மேசையில் அமருமாயின், ஓர் ஊரின் ஏடுகளை முறையாகப் பட்டியலிடுவது அரிய செயலன்று. சிறிதாகத் தொடங்கலாம்: ஒரு கோயில், ஒரு தெரு, பத்து ஏடுகள். ஏட்டின் நீள அகலம், இதழ் எண்ணிக்கை, நூற்பெயர், எழுதியவர் பெயர், உரியவர் இசைவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காகப் பதிதலே தொடக்கத்திற்குப் போதும். பின்னர் வரும் ஆய்வாளர் அக்குறிப்பேட்டிலிருந்து பணியைத் தொடர்வர்.

ஆய்வாளர் வரும் நாளில், சமண இல்லத்தார் ஏட்டைக் காட்டுவோராக மட்டும் நில்லாமல், அதன் பொருளைச் சொல்லி, பதிவைத் திருத்தி, பதிப்பில் தம் பெயரும் பொறிக்கப்பெறும் பங்காளிகளாக அமர வேண்டும். புட்பதந்தர் தொடங்கியதைப் பூதபலி முடித்தார். முன்னோர் ஏட்டில் தொடங்கியதை முடிக்கும் கடன் இன்றைய தலைமுறையினுடையது.